சூனியக்காரியின் மூக்கு

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த புடவை கொடியில் ஈரவாடை அடிக்கிறது. கோட்டுச்சேரி பஸ்ஸில் நிற்க இடமில்லை, பக்கத்தில் நின்றவள் குடைத் தண்ணீர் முழுக்க என் மேல். பள்ளிக்குள் நுழைந்ததும் பிரின்சிபல் கூப்பிட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன் விழாவாம். தீபாவளிப் பட்டாசுக் குப்பை இன்னும் தெருவில் ஊறிக் கிடக்கிறது, அதற்குள் வெள்ளைக்காரன் பேய்க்கு விழா. நடத்திக்கொள்ளட்டும். இங்கிலீஷ் மிஸ் என்பதால் என் தலையில் இரண்டு வேலை. ஒன்று, பரங்கிக்காய், துடைப்பம், கருப்புப் பூனை இதையெல்லாம் எதற்கு வைக்கிறார்கள், பின்னால் என்ன கதை, என்ன நம்பிக்கை என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பேச வேண்டும். இரண்டு, சூனியக்காரி வேஷம்.

"ஏன் மேடம், சின்ன வயசு மிஸ் யாராவது போடலாமே?"

"கேட்டுப் பாத்துட்டேங்க. ஒருத்தங்க புதுசா கல்யாணம் ஆனவங்க, வீட்ல வேணாம்ங்கறாங்க. இன்னொருத்தங்களுக்கு மாமியார் திட்டுவாங்களாம். புருஷன், புள்ளைக்கு ஆகாதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லல்ல மிஸ்."

இல்லை. என்ன பிரச்சினை எனக்கு. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் இவளுக்குக் கெட்டது வர என்ன பாக்கி என்று யோசித்துத்தான் அந்த அம்மாள் என்னைப் பிடித்திருக்கிறார். வாயில் வந்ததை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? பழக்கம்.

இன்னொரு கூத்து. பேய் விழாவுக்கு நல்ல நேரம் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் குத்துவிளக்கு ஏற்றிவிட வேண்டுமாம். பேய்க்குக் கூடவா ராகு காலம் ஆகாது.

வாங்க: கடுகு, துணி கிளிப், ஹாலுக்கு பல்பு.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டது. மத்தியானம் லைப்ரரியில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது, எது மெய், எது பின்னால் சேர்த்தது என்று சத்தியம் செய்ய முடியாது. இதுவரை:

பரங்கிக்காய் — அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்காம். ஜாக் என்று ஒரு கஞ்சப் பயல், சாத்தானையே ஏமாற்றியவன். செத்த பிறகு சொர்க்கத்தில் சேர்க்கவில்லை, நரகத்திலும் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தான் இரக்கப்பட்டு ஒரு நெருப்புத் துண்டு கொடுத்தான். கிழங்கைக் குடைந்து அதற்குள் வைத்துக்கொண்டு இன்றைக்கும் அலைகிறானாம். அமெரிக்கா போனதும் கிழங்குக்குப் பதில் பரங்கிக்காய்.

கண், பல் வெட்டி வாசலில் வைப்பது கெட்டதை விரட்ட. நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் பூசணிக்காயில் ராட்சசன் மூஞ்சி வரைந்து தொங்கவிடுகிறோமே, அதே தான். அவன் உள்ளே மெழுகுவத்தி வைக்கிறான், நாம் குங்குமத்தைக் கொட்டி நடுரோட்டில் உடைத்து வண்டியை வழுக்க விடுகிறோம்.

முகமூடி — அன்று செத்தவர்கள் நடமாடுவார்களாம். அவர்கள் கண்ணில் படும்போது, இவனும் நம்ம ஆள் என்று நினைத்து விட்டுவிடட்டும் என்று போட்டது.

வீடு வீடாக மிட்டாய் கேட்பது — ஏழைகள் வாசலுக்கு வந்து, அந்த வீட்டில் செத்தவர்களுக்காக ஜெபம் சொல்லி, ரொட்டி வாங்கிப் போவார்களாம். மகாளய அமாவாசைக்கு நாம் காக்கைக்குச் சோறு வைத்துக் கா கா என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். பெரிய வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். சயின்ஸ் மிஸ், பள்ளியில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. அவள் தாத்தா பிரான்ஸ் பென்ஷன்காரர், வீட்டில் இன்னும் "தூசேன்" என்றுதான் சொல்வார்களாம், சகல புனிதர் திருநாளை. "அதுக்கு முந்தின நாள்தான்டி இது. மறுநா கல்லறைக்குப் போயி அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்துவோம், அழுவோம். இவங்க என்னடான்னா எலும்புக்கூட்டுக்கு பலூன் கட்டுறாங்க." அவள் கோபமும் நியாயம்தான்.

சாயந்திரம் சம்பந்தி அம்மாவிடமிருந்து போன், நெரவியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை என் பெண் கயலுக்கு வளைகாப்பு. எத்தனை பேருக்குச் சாப்பாடு, தட்டு எத்தனை என்று தேனாகப் பேசினார். கடைசியில் குரல் இறங்கியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்மந்தி. வளையல் போடுற நேரத்துல மட்டும் நீங்க பந்திப் பக்கம் இருந்துக்குங்க. எனக்கு ஒண்ணும் இல்லங்க, நாலு பேரு பேசுவாங்க. வயித்துப் புள்ளக்காரி பாருங்க."

"சரிங்க" என்றேன். அதையும் சரி என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். துக்கம் இல்லை, ஆத்திரம். நான் பெற்ற பெண்ணுக்கு என் கை ஆகாது. பத்து மாதம் சுமந்த வயிறு ஆகும், கை ஆகாது.

சாப்பிடவில்லை. பல்பு மறந்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

மூட்டம். மூன்றாவது பீரியட் கட் அடித்து லைப்ரரி.

கருப்புப் பூனை — சூனியக்காரியின் கூட்டாளி என்று பிடித்துக் கொன்றிருக்கிறார்கள். இங்கே குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி எச்சில் துப்புகிறோம். பூனைக்கு எந்த ஊரிலும் விடிவில்லை.

வௌவால் — பெரிய நெருப்பு மூட்டுவார்கள், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சி தின்ன வௌவால் வரும். அவ்வளவுதான் சங்கதி. வயிற்றுக்காக வந்ததைப் பேயோடு சேர்த்துவிட்டார்கள்.

துடைப்பம், கூர்த் தொப்பி — வீட்டில் சாராயம் மாதிரி ஒன்றைக் காய்ச்சி விற்ற பெண்களுடையது என்று ஒரு புத்தகம். இல்லவே இல்லை என்று இன்னொன்று. எதுவாக இருந்தாலும் சட்டியும் துடைப்பமும் எல்லா வீட்டிலும்தான் இருந்தது. சட்டி வைத்துக் கிளறியவளைச் சூனியக்காரி என்றால் நாட்டில் யார் மிச்சம்?

சூனியக்காரி. யாரைப் பிடித்தார்கள் என்று பார்த்தால், எங்கேயும் அதே ஆள். வயதானவள். தனியாக இருப்பவள். கேட்க நாதி இல்லாதவள். பாதிக்கு மேல் விதவைகள் என்று தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பசு பால் வற்றினால் அவள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவள். படகு கவிழ்ந்தால் அவள். அப்புறம் அவளைக் கொளுத்திவிட்டு, அவள் மூக்கை ரப்பரில் செய்து கடையில் விற்கிறார்கள். அதை எனக்கு மாட்டிவிட்டு, "உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லல்ல மிஸ்."

இந்த ஊருக்கு என்ன வந்தது என்றுதான் புரியவில்லை. அழகு வேண்டாம், பேயுருவம் கொடு என்று கேட்டு வாங்கிய பெண்ணுக்கு ஆனி மாதம் மாடி மாடியாக நின்று மாம்பழம் வீசுகிற ஊர் இது. சனி பிடிக்கக் கூடாதே என்று ஓடுகிற உலகத்தில், சனீஸ்வரனைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பித் திருநள்ளாறே பிழைக்கிறது. காக்கை சாமி வாகனம். பேய் அம்மை. எல்லாம் ஆகும். கோட்டுச்சேரி மிஸ் மட்டும் பந்திப் பக்கம்.

கயல் போன் செய்தாள். மாமியார் சொன்னது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"நீதாம்மா மொத வளையல் போடணும். இல்லன்னா நான் ஒக்காரவே மாட்டேன்."

"வேணாம்டி. எதுக்கு வம்பு. நல்லபடியா பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"நீயே இப்படிப் பேசுனா எப்படிம்மா?"

உள்ளதை இங்கேயாவது எழுதுகிறேன். எனக்கே பயம். நான் வளையல் போட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நானும் என்னைத்தான் பார்ப்பேன். அதுதான் ஆத்திரமாக வருகிறது. அவர்கள் சொன்ன மண்ணாங்கட்டி என் தலைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது.

அக்டோபர் 30, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது, புடவை ஒருவழியாகக் காய்ந்தது.

ஸ்டாஃப் ரூமில் பரங்கிக்காய் குடைதல். கத்தி மழுங்கல், காய் இரும்பு. ஸ்டெல்லா கண் வெட்டினாள், நான் பல். ஒரு பல் உடைந்துவிட்டது, இன்னும் பொருத்தமாக இருந்தது. விதையையும் சதையையும் ஆயாம்மா கூட்டு வைக்க எடுத்துப் போனார். அது ஒன்றுதான் இந்த விழாவில் உருப்படியான காரியம்.

முடிந்ததும் பிரின்சிபல் வந்து பார்த்தார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அப்புறம் கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். "பாக்க கோரமா இருக்கே, புள்ளைங்களுக்கு திருஷ்டி கிருஷ்டி ஆயிடக் கூடாதுல்ல." பேயை விரட்ட வைத்த காய்க்கே காப்பு. ஸ்டெல்லா சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காய்க்குக் கொடுத்த பொட்டு.

முகமூடி வந்துவிட்டது. ரப்பர். நெற்றி முதல் தாடை வரை மூடும், பச்சை நிறம், கொக்கி மாதிரி மூக்கு, நுனியில் மரு. தொப்பியோடு சடைசடையாகக் கருப்பு முடி. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். நான் இருப்பதே தெரியவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மைதானத்தில் ஷாமியானா. நடுவில் குத்துவிளக்கு, பக்கத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதன் கழுத்தில் யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். என்னை வேஷத்தோடு திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் பிரின்சிபல். "வெளக்கு ஏத்தி முடிச்சதும் வாங்க மிஸ். அதுக்கு முன்னாடி வந்துடாதீங்க." போன வருஷம் ஆண்டு விழாவுக்கும் இதையேதான் சொன்னார், அன்று வேஷம் கிடையாது.

விளக்கு ஏற்றினார்கள். ராகு காலத்துக்கு முன்னால், மங்களகரமாக.

பிறகு நான். பேசினேன். ஜாக் கதைக்கு ஒரே சிரிப்பு. வௌவாலுக்குக் கைதட்டல். சூனியக்காரி பற்றி வரும்போது எழுதி வைத்ததை விட்டுவிட்டு, "இந்தப் பாட்டியும் உங்க வீட்டுப் பக்கத்துல தனியா இருந்த ஒரு பாட்டிதான். யாரும் பேசாம விட்டதால அவங்கள பேய்ன்னு சொல்லிட்டாங்க" என்றேன். முன் வரிசையில் ஒரு வாண்டு, "நான் பேசுவேன் மிஸ்" என்றது. அதுதான் இன்று கேட்ட நல்ல வார்த்தை.

பேச்சு முடிந்ததும் சூனியக்காரியோடு போட்டோ எடுக்க வரிசை கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை, அம்மாக்கள். பஸ் ஸ்டாண்டில் காலை வேளையில் என்னைப் பார்த்ததும் செல்போனை நோண்டுகிற அதே அம்மாக்கள். "மிஸ், பாப்பாவ கொஞ்சம் தூக்கிக்குங்க." "மிஸ், கன்னத்துல கை வைங்க, கிள்ற மாதிரி." என் முகம் தெரியாத வரைக்கும் என் மடி எல்லோருக்கும் ஆனது.

அப்போதுதான் சம்பந்தி அம்மா. அவர் மகளின் மூத்தது எங்கள் பள்ளியில் யு.கே.ஜி. அதைப் பார்க்க என் பேச்சு முடிந்த பிறகுதான் வந்திருக்கிறார், இடுப்பில் இளையது, எட்டு மாதப் பையன். நேராக என் முன்னால் வந்து நின்றார். என்னைத் தெரியவில்லை.

"ஒரு போட்டோங்க" என்று பேரனை என் மடியில் வைத்தார். அது மிரண்டு உதடு பிதுக்கியது. அவரே குனிந்து, "பயப்படாதடா செல்லம், சும்மா வேஷம்தான், ஒண்ணும் பண்ணாது" என்றார். பையன் என் ரப்பர் மூக்கை எட்டிப் பிடித்து இழுத்தான். சிரித்தான். விடவே இல்லை. அவரும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. முகமூடிக்குள் வியர்வையா கண்ணீரா தெரியாமல் ஒழுகியது.

போகும்போது "தேங்க்ஸ்ங்க" என்றார்.

முகமூடியைக் கழுவித் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

புதுச்சேரி விடுதலை நாள், லீவு. எங்கோ கொடியேற்றி மைக்கில் பேசுகிறார்கள். விடுதலையாம்.

விடிந்ததும் கயலிடமிருந்து போன். சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டும் ஒன்றாக.

"அம்மா, அத்தை ஸ்டேட்டஸ் பாத்தியா?"

பார்த்தேன். ஹேப்பி ஹாலோவீன் என்று போட்டு, இரண்டு இதயம், ஒரு பரங்கிக்காய். நடுவில் நான், மடியில் பையன், தோளில் சம்பந்தி கை.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"அப்பா வாட்ச்சும்மா."

ஆமாம். கையில் அவர் வாட்ச். என் மணிக்கட்டுக்குப் பெரிது, ஆம்பளை வாட்ச், வளையலைக் கழற்றிய அன்றிலிருந்து கட்டியிருக்கிறேன். போட்டோவில் பையன் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கிறது அந்தக் கை.

"அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. நீ சொல்லு. அவங்க பேரன் மடியில ஒக்காந்து சிரிச்சானே, அவனுக்கு என்னம்மா ஆச்சு? நல்லா பால் குடிச்சுட்டு இப்ப தவழ்ந்துகிட்டு இருக்கான். எம் புள்ளைக்கு மட்டும் ஒன் கை ஆகாதா? அத விடு. ஒனக்கே ஆகாதுன்னு தோணுதா?"

போனை வைத்துவிட்டுப் போட்டோவை மறுபடி பார்த்தேன். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பயம் கொஞ்சம் விலகின மாதிரி. அந்தப் பையன் மூக்கைப் பிடித்து இழுத்தபோது எனக்கு எந்தப் பயமும் வரவில்லையே. கெட்டது என்று ஒன்று என் கையில் இருந்திருந்தால் அதற்கு ரப்பர் ஒரு தடையா?

கடைத்தெருவுக்குப் போனேன். பச்சை, சிவப்புக் கண்ணாடி வளையல். கடைக்காரர், "யாருக்கும்மா?" என்றார். "எம் பொண்ணுக்கு. நாந்தான் போடப் போறேன்." அவர் கேட்காததையும் சொன்னேன். கொல்லை வேம்பில் கொழுந்துக் கொம்பு ஒடித்து வளைத்து நூல் கட்டி வைத்தேன். முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகுதான் கண்ணாடி வளையல். தாயையும் பிள்ளையையும் கெட்டது அண்டாமல் இருக்கத்தான் அது. அதையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மூக்கைக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுப் பாப்பா பார்த்துவிட்டு அலறல்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை இல்லை. ஸ்டெல்லா வரவில்லை, கல்லறை நாள். காலையில் மெசேஜ்: "அப்பாகிட்ட உனக்காகவும் ஒண்ணு ஏத்தினேன்."

மூக்கை எதற்குக் கைப்பையில் வைத்தேன் என்று தெரியவில்லை. வைத்தேன்.

நெரவி வீட்டில் கூட்டம். புளியோதரை வாசனை, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். கயல் பச்சைப் பட்டில் நாற்காலியில். கொஞ்சம் வீங்கிய முகம், அவள் அப்பா சாயல் இன்னும் அதிகமாகத் தெரிகிறது. சம்பந்தி சொன்ன இடத்தில், பந்திப் பக்கம், இலைக் கட்டுக்கு அருகில் உட்கார்ந்தேன். நல்ல நேரம் வந்தது. சம்பந்தி அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "மொதல்ல காப்பு போடணும், பெரியக்கா வாங்க" என்று யாரையோ கூப்பிட்டார்.

எழுந்தேன். பயம் இருந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். கால் தன்பாட்டுக்குப் போனது. தட்டில் வேப்பிலைக் காப்பு, வளையல். பெரியக்கா பாதியில் நின்றுவிட்டார்.

"சம்மந்தி, நாம பேசினோமே" என்றார் சம்பந்தி அம்மா, சிரித்த மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசினோங்க. வெள்ளிக்கிழம உங்க பேரன என் மடியில வச்சு, ஒண்ணும் பண்ணாதுடா, சும்மா வேஷம்தான்னு சொன்னீங்கள்ல? அந்த மூக்கு இந்தப் பையிலதான் இருக்கு. அதப் போட்டுக்கிட்டுப் போட்டா பரவால்லீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடி முகத்தை. பின்னால் ஒரு பொம்பளைச் சிரிப்பு, உடனே நின்றுவிட்டது.

சந்தனக் கிண்ணத்தை அவர் நீட்டவில்லை. நானே கையை விட்டு எடுத்துக்கொண்டேன்.

கயல் இரண்டு கையையும் நீட்டினாள். கன்னத்தில் சந்தனம் வைத்தேன், கையில் வைத்தேன். காப்பு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, முழங்கை வரை ஏறியது. பிறகு பச்சை, சிவப்பு, பச்சை. மணிக்கட்டில் ஏற்றும்போது ஒன்று உடைந்தது. கூட்டத்தில் "ஐயோ" என்று ஒரு குரல். கயல் காதில் வாங்கவே இல்லை. "இன்னொன்னு எடும்மா" என்றாள்.

எடுத்துப் போட்டேன்.

மூக்கைப் பள்ளியில் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.